ஒத்த ஊசில கம்பளி பின்றப்ப எங்க சொதப்புது, எப்படி சரி பண்றது

நோல்பிண்டிங்னு சொல்ற ஒத்த ஊசிப் பின்னல்ல, ஓஸ்லோங்கிற தையல் வரைக்கும் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்துட்டு, அதுக்கப்புறம் கையில இருக்கிறது என்னன்னே புரியாம முழிச்சிட்டு இருக்கிறவங்களுக்காக இத எழுதறேன். தையல் எப்படிப் போடறதுன்னு இதுல சொல்லப் போறதில்ல, அதுக்கு வீடியோ கொட்டிக் கெடக்கு, எழுத்துல சொன்னா படிக்கிறவங்களுக்குத் தலை தான் சுத்தும்.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். நோல்பிண்டிங் நிட்டிங், குரோஷே ரெண்டுக்கும் ரொம்ப முந்தின வேலை. எலும்புலயோ கொம்புலயோ மரத்துலயோ செஞ்ச காது வச்ச தட்டை ஊசி ஒண்ணு, வெட்டி எடுத்த கம்பளி நூல், உங்க கட்டைவிரல், அவ்ளோதான் சாமான். நிட்டிங்ல நூலோட ஒரு வளைவ மட்டும் இழுத்து லூப் ஆக்குவாங்க, இதுல ஒவ்வொரு தையலுக்கும் மொத்த நூலும் லூப்புக்குள்ள நுழைஞ்சு வெளிய வரணும். வேலை மெதுவா போறதுக்கும், நூல துண்டு துண்டா வெட்டி ஒட்டிக்கிட்டே போறதுக்கும், நடுவுல கத்தரியால வெட்டினாக்கூட துணி சரசரன்னு பிரியாம நிக்கிறதுக்கும் எல்லாத்துக்கும் இதான் காரணம். டென்மார்க்ல டிப்ரிண்ட் விக்னு ஒரு இடம், கடலுக்கடியில மூழ்கிப் போன கற்கால ஊரு, அங்க கெடைச்ச துண்டு கி.மு. 4200 வாக்குல உள்ளது, அதுல கம்பளி கூட கிடையாது, வெறும் தாவர நார். இங்கிலாந்து யார்க் நகரத்துல கோப்பர்கேட் தெருவுல தோண்டினப்ப கெடைச்ச 10ம் நூற்றாண்டு சாக்ஸ் இந்த வேலை தான். நான் இருக்கிற பின்லாந்துல கிழக்குப் பக்கத்து கிராமங்கள்ல போன நூற்றாண்டு வரைக்கும் வேலைக்குப் போற கையுறைய இப்படித்தான் பின்னிட்டு இருந்தாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏதாவது சொதப்புச்சுன்னா எல்லாரும் தையலயே திரும்பத் திரும்பப் பாக்குறாங்க. மொதல்ல நூலப் பாருங்க, அப்புறம் கட்டைவிரல் என்ன பண்ணுதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் கீழ்வரிசைல எந்த லூப்பக் கோத்தீங்கன்னு பாருங்க, தையலோட முறை கடைசி தான். நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல நூலோட பிரச்சனை.

நூல ஒட்டின இடம் பிரிஞ்சு பிரிஞ்சு வந்துடுது

இதான் நம்மாளுங்க கிட்டருந்து அதிகமா வர்ற புகார், காரணமும் பெரும்பாலும் ஒண்ணு தான், நீங்க வாங்கினது கம்பளியே கிடையாது. நம்மூர் ஃபேன்ஸி ஸ்டோர்ல உல்லன் நூல்னு கேட்டா எடுத்துத் தர்றது பெரும்பாலும் அக்ரிலிக், பேரு தான் உல்லன், ஆட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அக்ரிலிக் எவ்ளோ தண்ணி விட்டு எவ்ளோ தேய்ச்சாலும் ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது.

கண்டுபிடிக்க ஈசி. ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கில பிடிச்சு, வாஷ்பேசின் மேல வச்சு கொளுத்துங்க. முடி கருகற நாத்தம் வந்து, நெருப்பு தானா அணைஞ்சு, மிச்சம் விரல்ல நசுக்கினா பொடியாச்சுன்னா கம்பளி. உருகி சொட்டி கெட்டி உருண்டையா இறுகிச்சுன்னா அக்ரிலிக். கேம்ப் ஃபயர், விறகு அடுப்புன்னு நெருப்புப் பக்கம் போட்டுட்டுப் போற கையுறைக்கு அக்ரிலிக் வேணவே வேணாம், உருகி தோல்ல ஒட்டிக்கும்.

இதுல பாஸ் ஆனாலும் முழுசா நம்பிடாதீங்க. சூப்பர்வாஷ்னு லேபிள்ல போட்டிருந்தா அதுவும் உதவாது. கம்பளி இழைய பூதக்கண்ணாடில பாத்தா மேல செதில் செதிலா இருக்கும், அந்த செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிறதால தான் கம்பளி சுருங்கி இறுகுது, ஒட்டும் நிக்குது. மெஷின்ல தொவைக்கணும்னு சூப்பர்வாஷ்ல அந்த செதில குளோரின் போட்டு மழுங்க வச்சு மேல பூச்சும் பூசிடறாங்க, அப்புறம் எத வச்சு ஒட்டும்? கடைல கெடைக்கிற மெரினோல நெறைய சூப்பர்வாஷ் தான், மெரினோன்னு பாத்ததும் சந்தோஷப்பட்டு வாங்கிடாதீங்க, லேபிளத் திருப்பிப் பாருங்க. லேபிள் இல்லாத நூலா இருந்தா கொஞ்சம் இழையப் பிச்சு, நனைச்சு, சோப்பு தொட்டு உள்ளங்கைல உருட்டுங்க, கெட்டியா உருண்டை கட்டினா எடுத்துக்கலாம், பிரிஞ்சு பிரிஞ்சு வந்தா வச்சிடுங்க.

நல்ல கம்பளி தான், ஆனாலும் ஒட்டு பிரியுதுன்னா நீங்க அவசரப்படறீங்க. ரெண்டு முனையையும் விரல் நீளத்துக்கு புரி பிரிச்சு விடுங்க, மூணு புரி நூல்னா ஒவ்வொரு முனையிலயும் ஒரு புரியக் கொஞ்சம் குட்டையா பிச்சு விட்டுடுங்க, இல்லன்னா ஒட்டின இடம் மட்டும் தடியா முட்டிக்கிட்டு ஊசிக் காதுல மாட்டும். கத்தரியால வெட்டாதீங்க, பிச்சு எடுங்க, வெட்டின முனை மொட்டையா நிக்கும், பிச்ச முனை மெலிஞ்சு மெலிஞ்சு போகும், அதான் நல்லா பிடிக்கும். ரெண்டையும் எதிரெதிரா ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சு, நனைச்சு, விளக்குத் திரி உருட்டுற மாதிரி உள்ளங்கைல வச்சு உருட்டுங்க, உள்ளங்கை சூடாகணும், அந்த சூட்டுல தான் வேலையே நடக்குது. ஊர் உலகத்துல எல்லாரும் எச்சில் தொட்டுத் தான் ஒட்டறாங்க, உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா பக்கத்துல கிண்ணத்துல வெந்நீர் வச்சுக்கோங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. ஒட்டினதும் ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு அப்புறம் பின்னுங்க.

கைவசம் அக்ரிலிக் தான் இருக்கு, பழகறதுக்கு மட்டும் வேணும்னா ரஷ்யன் ஜாயின் போடுங்க, அதாவது நூல் முனைய ஊசில கோத்து அதே நூலோட புரிக்குள்ளயே நுழைச்சு ஒரு வளையம் விட்டு, அடுத்த நூலையும் அந்த வளையத்துல மாட்டி அதே மாதிரி பண்றது. நிக்கும். ஆனா சட்டை ஸ்வெட்டர்னு பெரிய கனவெல்லாம் அதுல காணாதீங்க.

நூல் நைஞ்சு நைஞ்சு நடுவுல அறுந்து போகுது

மொத்த நூலும் ஒவ்வொரு தையலுக்கும் லூப்புக்குள்ள உரசிக்கிட்டே போகுது இல்லையா, அதனால ஊசிப்பக்கம் இருக்கிற நூல் ஒவ்வொரு தையலுக்கும் உரசல் வாங்குது. நீளமா வெட்டினா ஒட்டற வேலை மிச்சம்னு நெனைச்சு ஆளுயரத்துக்கு ரெண்டு மடங்கு வெட்டறவங்க இருக்காங்க, கடைசில அந்த நூல் பஞ்சாயிடும். மூணு நாலு முழம் போதும், ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம். ஊசிக் காதுல நூல் ஒரே இடத்துல மடிஞ்சு நிக்காம பத்துப் பதினஞ்சு தையலுக்கு ஒரு தடவை கொஞ்சம் தள்ளி விடுங்க. காதோட ஓரம் சொரசொரன்னு இருந்தா நூல அறுக்கும், உப்புத்தாள் வச்சு உள்பக்கமும் தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கிடுங்க.

ஒத்தப்புரி நூல், அதுவும் முறுக்கு லூஸா இருக்கிறது, பாக்க அழகா புசுபுசுன்னு இருக்கும், ஆரம்பத்துல தொடாதீங்க. ரெண்டு புரி இல்ல மூணு புரி, கொஞ்சம் தடியான, கொஞ்சம் முரட்டுத்தனமான நூல் தான் கத்துக்க நல்லது. பின்லாந்து ஆட்டு கம்பளி, நார்வே ஆட்டு கம்பளி எல்லாம் இங்க ஈசியா கெடைக்குது. இந்தியால இருக்கிறவங்க இமாச்சல் பக்கத்து கைநூற்பு கம்பளி கெடைச்சா முயற்சி பண்ணுங்க. நம்ம நீலகிரில கூட கம்பளிக்குன்னே நீலகிரி ஆடுன்னு ஒரு இனம் இருக்கு, மெரினோவோட கலந்து உருவானது, எண்ணிக்கை தான் ரொம்பக் குறைஞ்சு போச்சு.

நூல் சுருண்டு சுருண்டு சிக்கு விழுது

ஊசிய ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா திருப்பிப் போடறதால நூல்ல முறுக்கு ஏறுது, சிலருக்கு கை வாகுப்படி முறுக்கு அவிழுது, ரெண்டுமே தொல்லை தான். ஏறினா சுருளும், அவிழ்ந்தா நூல் பிரிஞ்சு ஊசி புரிக்கு நடுவுல குத்தும். பின்னினத விரல்ல பிடிச்சுக்கிட்டு ஊசிய அப்படியே கீழ தொங்க விடுங்க, அதுவா சுத்தி சரியாயிடும். அடிக்கடி ஆகுதுன்னா சில தையலுக்கு ஒரு தடவை ஊசிய விரல்ல எதிர்ப்பக்கமா ஒரு உருட்டு உருட்டி விடற பழக்கம் பண்ணிக்கோங்க.

ஊசி உள்ள போகவே மாட்டேங்குது, கல்லு மாதிரி இறுகிடுச்சு

நிட்டிங், குரோஷே தெரிஞ்சவங்களும் தையல் வேலை தெரிஞ்சவங்களும் தான் இதுல மாட்டறாங்க, ஏன்னா தையல்னா கடைசில இறுக்கணும்னு கை பழகியிருக்கு. இதுல இறுக்கக் கூடாது. புது லூப் கட்டைவிரல சுத்தி வந்து விரல லேசா தொட்டதும் நிறுத்திடணும், அதுக்கு மேல ஒரு நூல் கூட இழுக்கக் கூடாது. விரல் தான் இங்க அளவுகோல், லூப்ப விரல்லருந்து கழட்டிட்டு இழுத்தா அளவு போச்சு. விரல் நுனி சிவந்து போகுது, லூப் தடம் பதியுதுன்னா நீங்க இறுக்கறீங்கன்னு அர்த்தம்.

ஏற்கனவே இறுகிப் போனத ஒண்ணும் பண்ண முடியாது, அந்த வரிசைய அப்படியே விட்டுட்டு அடுத்த வரிசைலருந்து தளர்வா போங்க. ஊசி முனை ரொம்ப மொக்கையா தடியா இருந்தாலும் இதே தொல்லை வரும். எலும்பு ஊசிக்கு எங்க போறதுன்னு கேக்குறவங்க மூட்டை தைக்கிற கோணி ஊசிய எடுத்து முனைய மட்டும் தேய்ச்சு மழுங்க வச்சு பழகலாம், கூரா விட்டா நூலோட புரியக் குத்திக்கிட்டே இருக்கும், விரலையும் சேத்து. இன்னும் நல்லது மூங்கில் பட்டைய ஒரு விரல் நீளத்துக்கு சீவி, ஒரு பக்கம் ஓட்டை போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு, கொஞ்சம் தேங்காண்ணெய் தடவினா அருமையான ஊசி ஆயிடும். காசு கொடுத்து கலைமான் கொம்பு ஊசி தான் வாங்கணும்னு ஒண்ணும் இல்ல, பாக்க அழகு தான், தையல் ஒரே மாதிரி தான் வரும்.

ஒரு தையல் பெருசு, ஒரு தையல் சிறுசு

லூப் விரல்ல எங்க உக்காருதுன்னு பாருங்க. கட்டைவிரல் ஒரே தடிமன் கிடையாது, நகத்துக்குப் பக்கத்துல மெலிசு, மூட்டுக்கிட்ட பருமன். ஒரு தடவை இங்க ஒரு தடவை அங்கன்னு உக்காந்தா தையல் அளவு மாறத்தான் செய்யும். ஒரு இடத்த முடிவு பண்ணிட்டு அதுலயே நில்லுங்க. டிவி பாத்துக்கிட்டு ஒரு நாள், கோவத்துல ஒரு நாள்னு பின்னினாலும் வரிசைக்கு வரிசை மாறும், அது மனுச சுபாவம், தொவைச்சு சுருக்கினதும் பாதி மறைஞ்சிடும், ரொம்ப அலட்டிக்காதீங்க.

ஒரே துண்ட ரெண்டு பேர் மாத்தி மாத்தி பின்னாதீங்க. விரல் வேற, அளவு வேற. ஜோடி கையுறையும் அப்படித்தான், அம்மா ஒண்ணு பொண்ணு ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டா ரெண்டு சைஸ்ல வந்து நிக்கும்.

லூப்பு விரல்லருந்து நழுவிடுச்சு, எது எதுன்னே தெரியல

போன் அடிச்சுது, எடுக்கப் போனீங்க, வந்து பாத்தா ஒரு கொத்து லூப்பு. பயப்பட வேணாம். ஊசிப்பக்கத்து நூல மெதுவா, ரொம்ப மெதுவா இழுங்க, எந்த லூப் சுருங்குதோ அதான் கடைசியா போட்டது, அத விரல்ல மாட்டுங்க. அதுக்கு முந்தினது விரலுக்குப் பின்னாடி இருக்க வேண்டியது. ஓஸ்லோவா இருந்தா பின்னாடி ஒரு லூப் எடுத்தா போதும், மாமென்ங்கிற இன்னொரு தையலா இருந்தா பின்னாடி ரெண்டு. இனிமே எழுந்து போகும்போது விரல் லூப்புல ஒரு ஊக்கு மாட்டிட்டுப் போங்க, வேலை முடிஞ்சது.

வட்டமா பின்றேன், குழிஞ்சு போகுது, இல்லன்னா ஓரம் அலை அலையா நெளியுது

தொப்பி, கையுறை நுனி, சாக்ஸ் நுனி எல்லாத்துக்கும் இது பொது. வட்டம் பெருசாகப் பெருசாக சுத்தளவும் கூடணும், அதுக்குத் தகுந்த மாதிரி தையல் கூட்டணும், கூட்டறதுன்னா கீழ்வரிசைல ஒரே லூப்புக்குள்ள ரெண்டு தையல் போடறது. கம்மியா கூட்டினா குழியும், அதிகமா கூட்டினா நெளியும். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் டேபிள் மேல வச்சு உள்ளங்கையால தட்டிப் பாருங்க, தட்டையா உக்காந்தா சரி. நடுவுல லேசா தூக்குனா அடுத்த சுத்துல ரெண்டு மூணு எடத்துல கூட்டுங்க, லேசா நெளிஞ்சா அடுத்த சுத்து முழுக்க கூட்டாம போங்க, பெரும்பாலும் அதுவே சரியாக்கிடும். பிரிக்கணும்னு அவசியமே இல்ல. எத்தன தையலுக்கு ஒண்ணு கூட்டறதுன்னு ஃபார்முலா கேக்குறவங்களுக்கு என் கிட்ட பதில் கிடையாது, உங்க விரல், உங்க நூல் வேற, என்னோடது வேற, கண்ணு தான் ஃபார்முலா. கூட்டற இடம் மட்டும் ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் தள்ளித் தள்ளி போடுங்க, ஒரே நேர்ல போட்டா வட்டம் மூலை மூலையா கோணிக்கும்.

தொப்பிக்கு எப்ப கூட்டறத நிறுத்தறதுன்னா, தலைச் சுத்தளவ 3.14ஆல வகுத்துக்கோங்க. 56 செ.மீ. தலைன்னா கிட்டத்தட்ட 18 செ.மீ. விட்டம். துணி இழுபடும் அதனால ஒண்ணு ரெண்டு செ.மீ. முன்னாடியே நிறுத்தலாம், ஆனா அப்புறமா வெந்நீர்ல சுருக்கப் போறீங்கன்னா நிறுத்தாதீங்க, இன்னும் பெருசா போங்க.

கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல, ஆனா குழாய் தானா குறுகுது (இல்லன்னா அகலமாகுது)

இது முழுக்க முழுக்க இணைப்போட கோளாறு. ஹான்சன்னு டென்மார்க்காரர் ஒருத்தர் தையல எழுத்துல குறிக்க ஒரு முறை வச்சாரு, ஓஸ்லோவ யூஓ/யூஓஓ எஃப்1னு எழுதுவாங்க (யூன்னா ஊசி நூலுக்கு அடியில போகுது, ஓன்னா மேல போகுது), அதுல கடைசில வர்ற எஃப்1, எஃப்2ங்கிறது தான் கீழ்வரிசைல எத்தன லூப்ப, எந்தப் பக்கத்துலருந்து கோக்கறோம்ங்கிறது. எஃப்1னா முன்னாடியிருந்து ஒரு லூப். எஃப்2னா ரெண்டு லூப், ஆனா அதுல ஒண்ணு போன தையலுக்கு ஏற்கனவே கோத்தது, இன்னொண்ணு தான் புதுசு. இங்க தான் எல்லாரும் வழுக்கறாங்க. ரெண்டுமே புதுசா கோத்தா ஒவ்வொரு தையலுக்கும் ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே போகும், குழாய் சட்டுனு மூடிக்கும். அதே மாதிரி, ஏற்கனவே கோத்த லூப்பயே மறுபடி கோத்துட்டு நகராம நின்னா தையல் கூடிக்கிட்டே போகும்.

சுத்து ஆரம்பிக்கிற இடத்துல ஊக்கு ஒண்ணு மாட்டுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் எண்ணுங்க. போர் தான், ஆனா எண்ணாம நாலு சுத்து போயிட்டு அப்புறம் தேடறது அதவிட போர். எண்ணிக்கை சரியா இருந்தும் குறுகுதுன்னா மேல சொன்ன இறுக்கற வியாதி தான், கட்டைவிரலுக்குத் திரும்பிப் போங்க.

சங்கிலிய வளையமா சேத்தேன், முறுக்கிக்கிச்சு

சங்கிலின்னா கீழ்வரிசை எதோடயும் இணைக்காம நீளமா போடற தையல் வரிசை. அதுக்கு ரெண்டு ஓரம் இருக்கு, ஒரு ஓரத்துல லூப் லூப்பா மேடு தெரியும். சேக்கறதுக்கு முன்னாடி டேபிள்ல நீட்டி வச்சு மேடு முழுக்க ஒரே பக்கம் இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. ரெண்டு சுத்து போனதுக்கப்புறம் கண்டுபிடிச்சா ஒரே வழி வெட்டறது தான், வெட்டினாலும் பிரியாதுங்கிறதால சேத்த இடத்துல வெட்டி நேராக்கி அதே நூலால தைச்சுடலாம், நிட்டிங்காரங்களுக்கு இந்த சௌகரியம் கிடையாது.

கையுறைல கட்டைவிரல் ஓரத்துல ஓட்டை

கட்டைவிரலுக்கு இடம் விட, கீழ்வரிசையோட இணைக்காம கொஞ்ச தூரம் வெறும் சங்கிலியா தாண்டிப் போயிட்டு அப்புறம் மறுபடி இணைப்போம். பின்னாடி அந்த வாய சுத்தி கட்டைவிரல பின்றப்ப ரெண்டு மூலையிலயும் ஒரு சின்ன ஓட்டை நிக்கும். இது எல்லாருக்கும் வரும், வடிவத்தோட குணம் அது. மூலைக்கு வரும்போது லூப்ப மட்டும் கோக்காம பக்கத்துல நெடுக்கா ஓடற ஒரு இழையையும் சேத்துக் கோத்து ஒரு தையல் கூடுதலா போடுங்க, அடுத்த சுத்துல அத ரெண்ட ஒண்ணா சேத்து குறைச்சிடுங்க. அப்பவும் நின்னா மிச்ச நூல் வாலால உள்பக்கமா ரெண்டு தையல் போட்டு மூடுங்க, யாரு பாக்கப் போறா.

கட்டைவிரல் இறுக்குதுன்னா நீங்க தாண்டின சங்கிலி குட்டை. விரலோட அடிச் சுத்தளவுல பாதிக்குக் கொஞ்சம் கூடுதலா தாண்டணும். சாக்ஸ் குதிகால்லயும் இதே கதை, இதே வைத்தியம். எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ல கெடைச்சு இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கிற சிவப்பு சாக்ஸ் படத்த பாத்தீங்கன்னா பெருவிரல் தனி, மத்த விரல் தனின்னு ரெண்டா பிரிச்சிருப்பாங்க, செருப்பு வார் உள்ள போறதுக்கு. அந்தக் கவுட்டுல எவ்ளோ நெருக்கமா தையல் இருக்குன்னு பெருசு பண்ணிப் பாருங்க, பொறாமையா இருக்கும்.

வீடியோல வர்ற மாதிரி இல்ல, நிட்டிங் மாதிரி வருது

பின்னாடி லூப்ப எடுக்காம விட்டுட்டு கீழ்வரிசைய மட்டும் கோத்துக்கிட்டு போறீங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு பழைய தையல் தான், எகிப்து சாக்ஸ் எல்லாம் அந்த வகை, நிட்டிங் மாதிரியே இருக்கிறதால அதுகள ரொம்ப காலம் நிட்டிங்னே நெனைச்சிட்டு இருந்தாங்க. ஆனா மெலிசா வரும், குளிருக்கு ஓஸ்லோ இல்ல மாமென் தான் கெட்டி. இன்னொண்ணு, நீங்க இடதுகைப் பழக்கம்னா வீடியோவ கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுப் பாருங்க, இல்லன்னா பாதி நேரம் மண்டைக்குள்ளயே திருப்பறதுல போயிடும்.

அஞ்சாறு தையலுக்கு முன்னாடி தப்பு தெரியுது, பிரிக்க வரல

நூல பிடிச்சு இழுத்தா பிரியாது, இன்னும் இறுகும், அதனால மொதல்ல இழுக்கறத நிறுத்துங்க. ஊசிய நூல்லருந்து கழட்டிட்டு, கடைசி லூப்பத் தளர்த்தி, நூல் எந்த வழியா வெளிய வந்துச்சோ அதே வழியா விரலாலயோ ஊசியோட காதுப்பக்கத்தாலயோ பின்னாடி தள்ளணும், ஒவ்வொரு தையலா. கம்பளி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிருக்கும், பொறுமையா பண்ணுங்க. பத்து தையலுக்கு மேல போச்சுன்னா அவ்ளோ பாடு பட வேணாம், தப்பு நடந்த இடத்துக்கு இந்தப்பக்கம் கத்தரியால வெட்டி, துண்டு துண்டா பிடுங்கி எடுத்துட்டு, ஒட்டறதுக்கு ஒரு விரல் நீளமாவது வால் விட்டுட்டு, புது நூல ஒட்டித் தொடருங்க. அதுக்கும் முன்னாடி, அந்த தப்பு நிஜமாவே கண்ணுக்குத் தெரியுதான்னு ஒரு முழம் தள்ளி வச்சுப் பாருங்க. பாதி தடவை தெரியாது.

முடிச்ச இடத்துல படி மாதிரி தூக்கிட்டு நிக்குது

சுத்து சுத்தா மூடாம, சுருளா ஏறிக்கிட்டே பின்றதால வர்றது. கடைசி அஞ்சாறு தையல மட்டும் விரல் அளவ விட்டுட்டு சிறுசு சிறுசா இறுக்கிக்கிட்டே போங்க, கடைசில கீழ்வரிசை ஓரத்துல கோத்து முடிங்க. துணி லேசா ஒரு பக்கம் சாஞ்சு ஓடறதும் சுருளோட குணம் தான், அத விடுங்க.

பின்னி முடிச்சேன், ஆனா காத்து உள்ள வருது

வெந்நீர், சோப்பு, தேய்ப்பு, இந்த மூணும் சேந்து தான் கம்பளிய இறுக்கும். கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர், கொஞ்சம் சோப்பு, துணி தொவைக்கிற கல்லு மாதிரி சொரசொரப்பா ஏதாவது, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி தேய்க்கணும். அப்பப்ப நிறுத்தி கையில மாட்டிப் பாருங்க, ஏன்னா சுருங்கினது திரும்ப வராது. வாஷிங் மெஷின்ல போட்டுட்டு தூங்கப் போனா எழுந்திருச்சு வரும்போது பொம்மைக்குப் போடற சைஸ்ல இருக்கும். ஒவ்வொரு கம்பளியும் ஒவ்வொரு அளவு சுருங்கும், நீளத்துலயும் அகலத்துலயும் கூட ஒரே மாதிரி சுருங்காது, அதனால உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னி, அளந்து, சுருக்கி, மறுபடி அளந்து, அந்தக் கணக்க வச்சு மொதல்லயே பெருசா பின்னணும். அரை மணி நேரம் தேய்ச்சும் சுருங்கவே இல்லன்னா மேல போய் சூப்பர்வாஷ் பத்தி எழுதினத மறுபடி படிங்க.

ஒரு இடம் மட்டும் இறுகி இன்னொரு இடம் லூஸா இருந்தா லூஸான இடத்த மட்டும் கையால தேய்ங்க. உள்பக்கம் ரெண்டு பக்கமும் ஒட்டிக்க ஆரம்பிச்சா ஒரு பிளாஸ்டிக் கவர உள்ள விட்டுட்டுத் தேய்ங்க.

போட்டா அரிக்குது

முரட்டு கம்பளின்னா அரிக்கத்தான் செய்யும். கையுறைக்கும் வெளிச் சாக்ஸுக்கும் முரடு போடுங்க, உள்ள மெல்லிசா ஒரு காட்டன் போட்டுக்கலாம்னு தோணும், கடுங்குளிர்ல காட்டன் வேணாம், வேர்வைய உறிஞ்சிக்கிட்டு ஈரமாவே இருக்கும், கம்பளி தன் எடைல கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரம் வாங்கினாலும் கைக்கு ஈரமா தெரியாது. அதனால உள்ளயும் மெல்லிசா மெரினோ தான், அது சூப்பர்வாஷா இருந்தாலும் பரவால்ல. தொப்பிக்கு நெத்தி படற பட்டைய மட்டும் மென்மையான நூல்ல பின்னிடுங்க. சோப்புத் தண்ணி சரியா அலசாம விட்டாலும் அரிக்கும், கடைசி அலசல்ல துளி வினிகர் விட்டு அலசிப் பாத்துட்டு அப்புறம் ஆட்ட குறை சொல்லுங்க.

மணிக்கட்டு வலிக்குது

நூல் முழுசையும் ஒவ்வொரு தையலுக்கும் இழுக்கறதால தோள் வரைக்கும் ஆடும். மணிக்கட்ட ஒடிச்சு இழுக்காம முழங்கைலருந்து இழுங்க, நூல இன்னும் அரை முழம் குறைச்சு வெட்டுங்க. அப்பவும் வலிச்சா அன்னிக்கு ஊக்க மாட்டி வச்சுட்டு எழுந்திருங்க.